மாற்று பிக்அப் வாங்கும் முன் திருப்புளியை எடுங்கள்: எலெக்ட்ரிக் கிட்டார் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

கிட்டாரின் பிக்அப்பை, அதாவது தந்திகளுக்கு அடியில் இருந்து அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகத்தை, மாற்றலாம் என்ற எண்ணம் வந்துவிட்டதா? எதையும் வாங்கும் முன் ஒரு திருப்புளியையும் மில்லிமீட்டர் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பிக்அப்பின் இரு ஓரங்களிலும் இருக்கும் திருகுகளைத் திருப்பினால் அது தந்திகளை நோக்கி ஏறும், அல்லது இறங்கும். அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் ஒலியை எவ்வளவு மாற்றும் என்பது புதிதாக வாசிக்கத் தொடங்கியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. "பிரிட்ஜ் பிக்அப் காதைக் குத்துகிறது, மாற்றியே ஆக வேண்டும்" என்று என்னிடம் வந்த கிட்டார்களில் பல, கால் சுற்று, அரைச் சுற்று திருகலிலேயே குணமாகித் திரும்பிப் போயிருக்கின்றன.

அளவெடுக்கும் முறை எளிது. ஆறாவது தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே, தந்தியின் அடிப்பாகத்துக்கும் அதற்கு நேர் கீழே உள்ள காந்த முனைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். பிறகு முதல் தந்தியிலும் அதையே செய்யுங்கள். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) வகையாக இருந்தால் இரு பக்கமும் சுமார் 1.6 மி.மீ. நல்ல தொடக்கம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற கிட்டார்களில் உள்ள சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) வகைக்குத் தடித்த தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 2 மி.மீ. அளவில் வைத்துத் தொடங்குங்கள். இந்த எண்கள் தொடக்கம் மட்டுமே. அங்கிருந்து கால் சுற்று திருகுங்கள், ஒரு நிமிடம் வாசியுங்கள், கேளுங்கள், மறுபடி கால் சுற்று. பிக்அப் தந்திக்கு அருகில் வந்தால் ஒலி பெருக்கும், தாக்கம் கூடும், முரடாகும். விலகினால் சத்தம் சற்றுக் குறையும். ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தெளிந்து, கார்வை நீண்டு ஒலிக்கும். கழுத்துப் பக்கத்து பிக்அப் சேறாகக் குழம்புகிறது என்ற குறைக்கு, அதன் தடித்த தந்திப் பக்கத்தை மட்டும் சற்று இறக்குவதே பெரும்பாலும் மருந்து.

சிங்கிள் காயில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். ஆறாவது தந்தியில் 12ஆம் ஃபிரெட்டுக்கு மேலே வாசிக்கும்போது, ஒரே ஸ்வரத்தில் இரண்டு சுருதி கலந்தது போல ஒலி அலையடிக்கிறதா? காந்தம் மிக அருகில் இருந்து தந்தியை இழுத்து அதன் அதிர்வைக் கெடுக்கிறது என்று பொருள். இதை பிரிட்ஜின் கோளாறு என்று நினைத்து மணிக்கணக்கில் பிரிட்ஜைத் திருகுபவர்கள் உண்டு. பிக்அப்பை இறக்கினால் போதும்.

புதிய தந்திகளையும் போட்டுப் பாருங்கள். துருவும் வியர்வையும் ஏறிய தந்தி எந்த பிக்அப்பின் மேலிருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். கேபிளையும் மறக்க வேண்டாம். கிட்டார் கேபிள் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மின்தேக்கத்தைச் சுற்றோடு சேர்க்கிறது. பத்து மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு மூன்று மீட்டர் கேபிளைச் செருகிப் பாருங்கள். மேல் ஒலி திறந்துகொள்வதைக் காதாலேயே உணரலாம்.

குறையைச் சொல்லில் எழுதுங்கள்

இத்தனைக்குப் பிறகும் மனம் நிறையவில்லை என்றால் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் "எது நல்ல பிக்அப்?" என்ற கேள்வியோடு தேடத் தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கும், எல்லாமே அவரவர் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் சரியானவையாக இருக்கும். உங்கள் கிட்டாரில் எது குறைகிறது, எது மிகுகிறது என்பதை ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "பிரிட்ஜ் பக்கம் டிஸ்டார்ஷனோடு வாசிக்கும்போது மெல்லிய தந்திகள் ஊசியாகக் குத்துகின்றன." "கழுத்துப் பக்கம் மூன்று ஸ்வரம் சேர்த்து வாசித்தால் ஒன்றும் பிரிந்து கேட்பதில்லை." "வாசிப்பதை நிறுத்தினால் உறுமல் மட்டும் மிஞ்சுகிறது." இப்படி எழுத முடிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது. எழுத வரவில்லையா? இன்னும் சில வாரம் வாசியுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

எழுதியதோடு ஒரு பதிவும் எடுத்து வையுங்கள். ஒரே நிமிடம் போதும்: சுத்தமான ஒலியில் கொஞ்சம், டிஸ்டார்ஷனில் கொஞ்சம், சுவிட்சின் ஒவ்வொரு நிலையிலும் கொஞ்சம். ஆம்ப்ளிஃபயரின் குமிழ்கள் எங்கே இருந்தன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நேற்று கேட்ட ஒலியைக் காது நினைவில் வைத்திருக்கும் என்று நம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

உள்ளே நடப்பது

காந்தம், அதைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பியின் சுருள்: பிக்அப் என்பது அவ்வளவுதான். காந்தம் தனக்கு மேலே உள்ள எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. அந்த மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான். நைலான் தந்தியை பிக்அப் கேட்காததற்கும் இதுவே காரணம்.

பெரும்பாலான பிக்அப்களில் சுற்றப்படுவது 42 கேஜ் கம்பி (கேஜ் என்பது கம்பியின் பருமனைக் குறிக்கும் எண்). அதன் தாமிரத்தின் விட்டம் சுமார் 0.063 மி.மீ., தலைமயிரின் பருமன். பழைய பாணி ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்அப்பில் ஏறத்தாழ 8,000 சுற்று இருக்கும். பழைய பாணி ஹம்பக்கரில் சுருளுக்கு 5,000 வீதம் இரண்டு சுருள். சுற்று கூடினால் வெளிவரும் மின்னழுத்தம் கூடும், ஒலி பெருக்கும். கூடவே இன்னொன்றும் நடக்கும், தேர்வுக்கு அதுதான் முக்கியம். சுருளும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உருவாக்குகின்றன. பொதுவாக 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் ஓர் இடத்தில் ஒலி தூக்கிக் கொடுக்கப்படுகிறது. அதற்கு மேலே உள்ளவை சரிந்து அடங்குகின்றன. சுற்று கூடக் கூட அந்த மேடு கீழே இறங்குகிறது. சத்தம் அதிகமான பிக்அப் தடிப்பாகவும் நடுஒலி மிகுந்தும் கேட்பதற்கும், சுற்று குறைந்தது பளிங்கு போல ஒலிப்பதற்கும் இதுவே விளக்கம். அதிக சத்தமும் அதிகத் தெளிவும் ஒரே பிக்அப்பில் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்: சாதாரண பிக்அப்பில் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும்.

வகைகள்

ஒற்றைச் சுருள் கொண்டது சிங்கிள் காயில். தெளிவு, துடிப்பு, மீட்டும் விரலின் அழுத்தத்துக்கு உடனே பதில் சொல்லும் குணம். குறை, மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உறுமலையும் அது சேர்த்தே பிடிக்கும். அந்த உறுமலைப் போக்கத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை விண்ணப்பித்தார். இரண்டு சுருள்கள், ஒன்றின் காந்தத் திசையும் சுற்றுத் திசையும் மற்றதற்கு எதிர். தந்தியின் ஒலி இரண்டிலும் கூடுகிறது, வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றை ஒன்று அடித்துவிடுகிறது. 1957 முதல் அது கிட்டார்களில் வந்தது. காப்புரிமை நிலுவையில் இருப்பதைச் சொல்லும் சிறு ஒட்டுத்தாள் அடியில் இருந்ததால், அந்தக் கால ஹம்பக்கர்களுக்கு பி.ஏ.எஃப். (Patent Applied For) என்றே பெயர் நிலைத்தது. இன்று "பழைய பாணி" என்று விற்கப்படும் ஹம்பக்கர்களில் பெரும்பாலானவை அதன் வழி வந்தவை.

பி-90 என்பது 1946இல் கிப்சன் கொண்டுவந்த அகலமான ஒற்றைச் சுருள். சிங்கிள் காயிலின் கூர்மையும் ஹம்பக்கரின் தசைப்பிடிப்பும் சேர்ந்த ஒலி. உறுமல் உண்டு. என் கருத்தில், அதிகம் கவனிக்கப்படாமல் போகும் நல்ல தேர்வு இது. ஹம்பக்கர் அளவிலேயே செய்யப்பட்ட பி-90களும் கிடைப்பதால் மரத்தைக் குடையாமலே முயலலாம். சிங்கிள் காயில் வடிவத்துக்குள் இரண்டு சுருளை அடக்கிய மெல்லிய ஹம்பக்கர்களும் உண்டு. சுருள்கள் பக்கம் பக்கமாகவோ மேலும் கீழுமாகவோ இருக்கும்.

ஆக்டிவ் பிக்அப் தனி உலகம். உள்ளேயே ஒரு சிறு பெருக்கி, அதற்கு 9 வோல்ட் பேட்டரி. இரைச்சல் மிகக் குறைவு, கேபிளின் நீளம் ஒலியைப் பாதிக்காது, ஒலி இறுக்கமாகவும் சீராகவும் இருக்கும். இ.எம்.ஜி. நிறுவனத்தின் பிக்அப்கள் இவ்வகையில் பெயர் பெற்றவை. பேட்டரிக்கு இடம், 25 கிலோ ஓம் குமிழ்கள் (வால்யூம், டோன் கட்டுப்பாடுகள்), வேறு ஜாக் எல்லாம் சேர்ந்து வரும். கேபிளைச் செருகியே வைத்தால் பேட்டரி தீரும். முதல் மாற்றமாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கனமான இசையைத் தவிர வேறு வாசிக்கவே போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் மட்டும் எடுக்கலாம்.

பொருந்துமா என்று பாருங்கள்

ஆசையாக வாங்கிய பிக்அப் குழிக்குள் இறங்காமல் நிற்பதைப் போல வருத்தம் தருவது வேறில்லை. வடிவம் முதலில்: உங்கள் கிட்டாரில் இருப்பது எந்த வகையோ அதே வெளி அளவில் தேடுங்கள். டெலிகாஸ்டரின் கழுத்துப் பக்கத்து பிக்அப் ஸ்ட்ராட்டோகாஸ்டருடையதைவிடச் சிறியது, ஒன்றின் இடத்தில் மற்றது அப்படியே உட்காராது. பி-90இலும் இரண்டு மூடிகள் உண்டு: தந்திகளுக்கு நடுவே திருகு பொருத்தப்படுவது ஒன்று, இரு பக்கமும் காது நீட்டிக்கொண்டு மரத்தின் மேல் உட்காருவது இன்னொன்று.

அடுத்து தந்தி இடைவெளி. பிக்அப் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே, ஆறாவது தந்தியின் நடுவிலிருந்து முதல் தந்தியின் நடு வரை அளவுகோலை வைத்துப் பாருங்கள். பிரிட்ஜ் பக்கத்து ஹம்பக்கர்கள் பெரும்பாலும் இரண்டு அகலத்தில் வருகின்றன: 49, 50 மி.மீ. அளவில் ஒன்று, 52, 53 மி.மீ. அளவில் மற்றொன்று. அசையும் பிரிட்ஜ் உள்ள கிட்டார்களுக்குப் பெரும்பாலும் அகலமானதே பொருந்தும். ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படி இருந்தால் காதுக்குத் தெரியாது, கண்ணுக்குத்தான் உறுத்தும். ஆனாலும் வாங்கும்போதே சரியானதை வாங்குவதில் என்ன கஷ்டம்?

குழியின் ஆழத்தையும் பாருங்கள். ஹம்பக்கரின் அடித்தகட்டில் திருகு ஏறும் கால்கள் சிலவற்றில் நீளம், சிலவற்றில் குட்டை. ஆழம் குறைந்த குழியில் நீண்ட கால் தரையைத் தொட்டு நிற்கும், உயரத்தைச் சரிசெய்யவே முடியாது.

சிங்கிள் காயில் வாங்குபவர்கள் காந்தத் தண்டுகளின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். பழைய பாணியில் அவை மேடும் பள்ளமுமாக இருக்கும். மூன்றாவது தந்தி சுற்றுத் தந்தியாக (மேலே மெல்லிய கம்பி சுற்றியதாக) இருந்த காலத்தில் அதன் மெலிந்த ஒலியை ஈடுகட்ட அந்தத் தண்டை உயர்த்தி வைத்தார்கள். இன்று மூன்றாவது தந்தி வெறும் எஃகு. ஆகவே பழைய பாணித் தண்டுகளின் மேல் அது மற்றவற்றைவிட உரக்கக் கத்தும். பழைய ஒலிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால் சமதளத் தண்டுகளை எடுங்கள்.

விவரத்தாளில் எதை நம்புவது

எல்லா நிறுவனங்களும் தரும் எண் மின்தடை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை என்றால் சுமார் 5.5 முதல் 6.5 கிலோ ஓம். பழைய பாணி ஹம்பக்கர் 7.5 முதல் 8.5, ஒலி மிகுந்த ஹம்பக்கர் 13 முதல் 16. எண் பெரிதானால் சத்தம் பெரிது என்று எல்லோரும் படித்துவைத்திருக்கிறார்கள். ஒரே கேஜ் கம்பி, ஒரே வடிவம் என்றால் அது ஓரளவு உண்மை. கம்பி மாறினால் கணக்கு தப்பும். 42 கேஜைவிட மெல்லிய 43 கேஜ் கம்பியில் அதே எண்ணிக்கை சுற்றினாலும் மின்தடை கூடிவிடும், ஒலியின் அளவோ அந்த விகிதத்தில் கூடாது. டெலிகாஸ்டரின் கழுத்து பிக்அப்பில் 43 கேஜ் கம்பி இருப்பதால்தான் அதன் எண்ணைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அறை வெப்பம் பத்து டிகிரி ஏறினாலே தாமிரத்தின் மின்தடை ஏறத்தாழ 4 சதவீதம் கூடும். ஆகவே 7.9க்கும் 8.1க்கும் நடுவில் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள்.

ஹென்றி என்ற அலகில் தூண்டல் எண் தரப்பட்டிருந்தால் அதையே முதலில் பாருங்கள். ஒலியின் நிறத்தை அது இன்னும் நேர்மையாகச் சொல்கிறது. 2 முதல் 3 ஹென்றி என்றால் பளிச்சென்ற சிங்கிள் காயில். 4, 4.5 என்றால் பழைய பாணி ஹம்பக்கர். 7, 8 என்றால் தடித்து, மேல் ஒலி அடங்கிய, டிஸ்டார்ஷனை எளிதில் தூண்டும் பிக்அப்.

காந்தத்தைப் பற்றிய பேச்சு அதிகம். அல்நிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவை இரும்போடு சேர்ந்த உலோகக் கலவை. அல்நிகோ 2 வலிமை குறைந்தது, அதனால் ஒலி சற்று மென்மையானது, தாக்கம் தளர்ந்தது. அல்நிகோ 5 வலியது, அடிநாதம் இறுகி மேல் ஒலி துலங்கும். செராமிக் இன்னும் வலியது. அதை மலிவானது என்று ஒதுக்கிவிடுவது தவறு. 1970களில் மாற்று பிக்அப் சந்தையைத் தொடங்கிவைத்த டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷனில் இருப்பது செராமிக் காந்தம்தான்.

ஆனால் தொடக்க நிலைக் கிட்டார்களின் சிங்கிள் காயிலில் செராமிக் பயன்படுத்தப்படும் விதம் வேறு. உங்கள் பிக்அப்பைத் தூக்கி அடியில் பாருங்கள். கறுப்புச் செங்கல் போன்ற பட்டை ஒன்றோ இரண்டோ ஒட்டியிருக்கிறதா? அப்படியானால் மேலே தெரியும் ஆறு தண்டுகளும் வெறும் எஃகு, காந்தம் அந்தப் பட்டைதான். எஃகுத் தண்டுகள் தூண்டலைக் கூட்டி மேல் ஒலியை மழுக்குகின்றன. அடியில் பட்டை இல்லாமல் தண்டுகளே அல்நிகோ காந்தமாக இருக்கும் செட்டுக்கு மாறினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பிக்அப் மாற்றத்தில் கொடுத்த பணத்துக்கு முழுப் பலன் கிடைக்கும் இடம் இதுதான் என்பது என் அனுபவம்.

மெழுகில் தோய்க்கப்பட்டதா என்றும் கேளுங்கள். தோய்க்காத சுருளின் கம்பிகள் அதிக ஒலியில் தாமே அதிர்ந்து கீச்சென்று கத்தும். டிஸ்டார்ஷனில் உரக்க வாசிப்பவருக்கு மெழுகிட்டதே சரி.

எழுதிய வாக்கியத்துக்குத் திரும்புங்கள்

இப்போது அந்தத் தாளை எடுங்கள். பிரிட்ஜ் பக்கம் குத்துகிறது என்றால் தூண்டல் சற்று அதிகமான பிக்அப். கழுத்துப் பக்கம் குழம்புகிறது என்றால் சுற்று குறைந்த, எண் சிறிய பிக்அப். உறுமல்தான் குறை என்றால் ஹம்பக்கர், அல்லது சிங்கிள் காயில் வடிவத்திலுள்ள ஹம்பக்கர். டிஸ்டார்ஷன் போதவில்லை என்பவர்கள் மட்டும் சற்று யோசியுங்கள். அதை ஆம்ப்ளிஃபயரோ ஒரு பெடலோ எளிதாகத் தரும். பிக்அப்பில் தேடினால் சுத்தமான ஒலியை இழப்பீர்கள்.

இரண்டு பிக்அப்பையும் மாற்றுவதாக இருந்தால் செட்டாக வாங்குங்கள். பிரிட்ஜ் அருகே தந்தி அதிரும் வீச்சு குறைவு என்பதால் அந்தப் பக்கத்துக்கானது சற்று அதிகம் சுற்றப்பட்டிருக்கும். கழுத்துப் பக்கத்தில் அதைப் பொருத்தினால் சமநிலை கெடும். மூன்று சிங்கிள் காயில் செட்டில் நடுவிலுள்ளது காந்தமும் சுற்றும் எதிர்த்திசையில் செய்யப்பட்டதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் ஐந்து நிலைச் சுவிட்சின் 2ஆம், 4ஆம் நிலைகளில் உறுமல் மறையும்.

குமிழ்களின் மதிப்பும் ஒலியில் பங்கெடுக்கிறது. சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வழக்கம். எண் குறைந்தால் மேல் ஒலி மட்டுப்படும். ஹம்பக்கர் மங்கலாக இருக்கிறது என்று வருந்தும் கிட்டாரைத் திறந்தால் உள்ளே 250 கிலோ ஓம் குமிழ் இருப்பதைக் காணலாம். அங்கே மாற்ற வேண்டியது பிக்அப்பா, குமிழா? குமிழ்தான், முதலில். டோன் குமிழின் கெப்பாசிட்டர் 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட் இருக்கும். குமிழை முழுதும் திறந்து வாசிப்பவருக்கு அதில் பெரிய வேறுபாடு இல்லை.

கம்பிகளின் நிறம்

நான் முதன்முதலாக ஹம்பக்கர் மாற்றியபோது பழையதன் சிவப்புக் கம்பி இருந்த இடத்தில் புதியதன் சிவப்புக் கம்பியையும், கறுப்பு இருந்த இடத்தில் கறுப்பையும் பற்றவைத்தேன். ஒலி மெலிந்து உறுமலோடு வந்தது. பிக்அப்பே பழுது என்று எண்ணி ஒரு வாரம் மனம் நொந்தேன். உண்மையில் நான் ஒரு சுருளின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்துவிட்டிருந்தேன். மற்ற சுருள் மட்டும் தனியே வேலை செய்துகொண்டிருந்தது.

நான்கு கம்பி ஹம்பக்கரில் நிறங்களுக்குப் பொது விதி கிடையாது. செய்மோர் டங்கன் பிக்அப்பில் வழக்கமான இணைப்புக்குக் கறுப்பு ஒலிக்கம்பி, வெள்ளையும் சிவப்பும் தமக்குள் இணையும், பச்சை தரைக்கம்பி. டிமார்சியோவில் சிவப்பு ஒலிக்கம்பி, கறுப்பும் வெள்ளையும் தமக்குள் இணையும், பச்சை தரைக்கம்பி. நிறுவனத்தின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்காதீர்கள். சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். நான்கு கம்பிகளில் எந்த இரண்டுக்கு நடுவே மின்தடை காட்டுகிறதோ அவை ஒரு சுருள். எஞ்சிய இரண்டும் மற்ற சுருள். ஒவ்வொன்றும் மொத்த எண்ணில் ஏறத்தாழ பாதி காட்டும்.

இன்னொரு சோதனை, இதைப் பற்றவைக்கும் முன்பே செய்துவிட வேண்டும். புதிய பிக்அப்பும் கிட்டாரில் தங்கப்போகும் பழைய பிக்அப்பும் ஒரே திசையில் பேசுகின்றனவா? கிட்டாரில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதும் திறந்து, சுவிட்சைப் பழைய பிக்அப்பில் வையுங்கள். கேபிளின் மறுமுனையில், நுனியில் மல்டிமீட்டரின் சிவப்பு முள்ளையும் உடற்பகுதியில் கறுப்பு முள்ளையும் வையுங்கள். 20 கிலோ ஓம் அளவில் பிக்அப்பின் மின்தடை தெரியும். இப்போது எஃகுத் திருப்புளி ஒன்றைக் காந்த முனைகளின் மேல் வைத்துச் சட்டென்று தூக்குங்கள். தூக்கும் அந்த நொடியில் எண் ஒரு கணம் துள்ளும். மேலே துள்ளியதா, கீழே துள்ளியதா? குறித்துக்கொள்ளுங்கள். புதிய பிக்அப்பின் ஒலிக்கம்பியில் சிவப்பு முள், தரைக்கம்பியில் கறுப்பு முள் வைத்து இதையே செய்யுங்கள். இரண்டும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். எதிரெதிராகத் துள்ளினால், இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது ஒலி வயிறு ஒட்டி, மூக்கால் பேசுவது போலாகிவிடும். நான்கு கம்பி ஹம்பக்கரில் ஒலிக்கம்பியையும் தரைக்கம்பியையும் இடம் மாற்றினால் சரியாகும். பின்னல் உறையுள்ள ஒற்றைக் கம்பி பிக்அப்பில் அப்படி மாற்ற முடியாது, ஏனென்றால் உறை எப்போதும் தரையோடுதான் இருக்க வேண்டும். டெலிகாஸ்டரின் கழுத்து பிக்அப்பிலும் எச்சரிக்கை தேவை. உலோக மூடி தரைக்கம்பியோடு இணைந்திருக்கும், அந்த இணைப்பைப் பிரிக்காமல் கம்பிகளை மாற்றினால் மூடியைத் தொடும்போதெல்லாம் இரைச்சல் வரும்.

மாற்றும் நாள்

தந்திகளைக் கழற்றுங்கள். உடலின் மேல் துணியைப் போர்த்துங்கள். ஒரு சொட்டு ஈயம் வார்னிஷில் விழுந்தால் வடு நிரந்தரம். திறந்ததும் முதலில் புகைப்படம் எடுங்கள், மூன்று கோணத்தில். அதன்பிறகே பழைய கம்பியை விடுவியுங்கள். வெட்டாதீர்கள், சூடுகாட்டி எடுங்கள்.

குமிழின் முதுகில் தரைக்கம்பியைப் பற்றவைப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அந்த உலோகத் தகடு சூட்டை இழுத்துக்கொள்ளும். 15 வாட், 25 வாட் சிறு அயர்னால் வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தால் ஈயம் உருகுவதற்குள் குமிழின் உட்புறம் கெட்டுவிடும். 40 முதல் 60 வாட், தட்டை நுனி. சில நொடிகளில் வேலை முடிய வேண்டும். முதுகை லேசாக உரசி, முதலில் அங்கே கொஞ்சம் ஈயம் இடுங்கள், கம்பி முனையிலும் இடுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடுகாட்டுங்கள். ஈயம் பளபளவென்று படர்ந்து உட்கார்ந்தால் நல்ல இணைப்பு. மங்கி உருண்டையாக நின்றால் மறுபடி. ஜன்னலைத் திறந்துவையுங்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

மூடியைத் திருகுவதற்கு முன் கேபிளைச் செருகி, ஒவ்வொரு நிலையிலும் திருப்புளியால் காந்த முனையை மெல்லத் தட்டுங்கள். தட்டிய பிக்அப் 'டக்' என்று கேட்கிறதா, சுவிட்ச் சொல்லும் பிக்அப்தான் கேட்கிறதா என்று பாருங்கள். பிரிட்ஜிலிருந்து வரும் தரைக்கம்பி விடுபட்டிருந்தால், தந்தியைத் தொடும்போது உறுமல் குறையாது.

தந்தி ஏற்றி, மறுபடி அந்தந்த வகைக்கான தொடக்க அளவு, மறுபடி கால் சுற்று. பழைய பிக்அப்பின் உயரம் புதியதற்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். ஹம்பக்கரில் தனித்தனித் திருகு முனைகள் இருந்தால், உரக்கக் கேட்கும் தந்தியின் திருகை மட்டும் சற்று இறக்கலாம். ஒரு வாரம் வாசித்த பிறகு, ஆம்ப்ளிஃபயரை அதே குமிழ் நிலைகளில் வைத்து அதே ஒரு நிமிடத்தை மீண்டும் பதிவு செய்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தாளில் எழுதிய குறை தீர்ந்ததா என்பது அப்போது தெரிந்துவிடும்.

கழற்றிய பிக்அப்பைப் புதியது வந்த பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அதோடு ஒரு சீட்டு: எந்தக் கிட்டார், எந்தப் பக்கம், எத்தனை கிலோ ஓம், எந்த நிறக் கம்பி எங்கே இருந்தது.